துணிக்கொடி உயரத்தில் ஒரு கம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், கீழ்வீட்டு டீச்சர் சௌக்கியம். அவருடைய துணிகளும் மொட்டைமாடி முழுக்கச் சௌக்கியமாகக் காய்கின்றன. உன் சளி விட்டதா? தீவுக் காற்றில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள் என்றால் கேட்கிற ஆளா நீ?

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாஸ்! ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். பல்செட் செய்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வாயில் இருப்பது நான் செய்த பல் என்பது வேறு விஷயம்.

இனி வீட்டிலிருந்தபடியே உன்னோடு பேசலாம். டூட்டி முடிந்த பிறகு சொந்த ரேடியோவில் பேச உங்கள் வானிலை நிலையத்தில் அனுமதி உண்டு என்று நீதான் எழுதியிருந்தாய். அங்கே டெலிபோன் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு படகு. ஜூன் பிறந்து கடல் முரண்டு பிடித்தால் மூன்று மாதத்துக்கு அதுவும் இல்லை. போன வருடம் அந்த மூன்று மாதத்தில்தான் அம்மா போனாள். செய்தி உங்கள் தலைமை அலுவலகத்தில் யாருடைய மேஜையிலோ கிடந்து, உனக்கு வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன். அதற்காகத்தான் வேலை முடிந்து வந்து, கையில் மெழுகு ஒட்டியிருக்கும்போதே உட்கார்ந்து படித்தேன்.

ரேடியோ வாங்கியாயிற்று. பாக்கி இருப்பது மாடியில் ஆன்டெனா. கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, நெட்டுக்குத்தாக நிற்கும் உயரமான குழாய். இரண்டு, மீன் முள் மாதிரி இருக்கிறது, மோட்டார் வைத்துத் திசை திருப்பலாமாம். அதைக் காட்டும்போது கடைக்காரர் முகம் அப்படி மலர்ந்தது. மூன்று, வெறும் கம்பி. அதைக் காட்டவே அவருக்கு மனசில்லை. எதை வாங்கட்டும்? இத்தனை வருடமாக ரேடியோவோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ, சொல்.

அப்பா உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய், நானும் சொல்லவில்லை. ஆக, எல்லாம் உங்கள் இரண்டு பேர் இஷ்டப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது. துண்டு கட்டிக்கொள்ளாமலேயே விட்டது என்பதைக் குறித்துக்கொள். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? குனிந்து குனிந்து அடுத்தவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் தோள் என்ன செய்யும்!

நீ பாஸானதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரும் என்றால் நான்கு பேர். சமையல்காரர் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

முதலில் ஒன்று. அப்பாவையும் என்னையும் பேச வைக்க நீ செய்யும் ஏற்பாடு இது என்றால், ரேடியோவை இப்போதே பெட்டியில் போட்டுக் கட்டிவிடு. எனக்கு எதுவும் மறக்கவில்லை. அம்மா போன செய்தி கிடைத்ததும் ஒரு மீன்படகில் தொற்றிக்கொண்டு, உப்பு காயாத சட்டையோடு வாசலில் வந்து நின்றேன். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "இப்ப எதுக்கு வந்த?" நானும் சும்மா இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவர் கத்தினார், நான் கத்தினேன், நடுவில் நின்று நீயும் கத்தினாய். யார் என்ன சொன்னோம் என்பது அந்த வாசல்படிக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வி என் காதில் நன்றாக விழுந்தது. அது போதும் எனக்கு.

இப்போது ஆன்டெனா. கடைக்காரர் முகத்தைப் பார்த்து எதையும் வாங்கிவிடாதே. வீட்டுக்கும் இந்தத் தீவுக்கும் நடுவில் மலை இருக்கிறது. நேராகப் போகும் அலை அதில் முட்டி நின்றுவிடும். நெட்டுக் குழாயும் மீன் முள்ளும் தூரதேசத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கு. அவை அலையைத் தொடுவானத்தைப் பார்த்து வீசும். அது என் தலைக்கு மேலே பறந்து எங்கேயோ கண்காணாத இடத்தில் போய் இறங்கும். நமக்கு வேண்டியது நேரே மேலே போய், வானத்தில் மோதி, மலைக்கு இந்தப் பக்கம் இறங்குகிற அலை. அதற்கு வெறும் கம்பி போதும். இருபது மீட்டர் நீளம், நடுவில் ஓர் இணைப்பு. மாடியில் இடம் போதாவிட்டால் இரண்டு முனையையும் மடக்கிக் கீழே விடு. துணி காயப்போடும் கொடியைவிடக் கொஞ்சம் உயரம் இருந்தால் சரி. தாழ்வாக இருப்பதுதான் அதன் விசேஷமே. யார் என்ன சொன்னாலும் உயர்த்தாதே.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து காத்திருப்பேன். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த அலைவரிசை நம்மைக் கைவிட்டுவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன். சமையல்காரருக்கு என் நன்றி. அவருடைய பல் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது.

ஏற்பாடா? நானா? அப்பாவுக்கும் இந்த ரேடியோவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவர் பாட்டுக்குக் கட்டிலில் சாய்ந்துகொண்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கொடிக்கம்பமும் விளம்பரக் கம்பமும் நட்டே நாற்பது வருடத்தை ஓட்டியவரை, ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரைத் திட்டுவதற்கே அவருக்குப் பகல் சரியாக இருக்கிறது.

ஆன்டெனா கட்ட எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். கம்பக்காரர். வயதானவர், நல்ல கைநேர்த்தி, வாய்தான் கொஞ்சம் நீளம். உன் கடிதத்தில் ஆன்டெனாவைப் பற்றிய பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு எழுதினது?" என்றார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர், தீவுல இருக்கார்."

"தீவுல உட்கார்ந்துட்டு என் மாடியில எது கட்டணும்னு சொல்றாரா? துணி காயப்போடற கொடியிலயா பேசப் போற? பேச்சும் சேர்ந்து காஞ்சு போயிடும். உசரம்னா உசரம்தான். நான் நட்டதுல எந்தக் கம்பம் குட்டையா இருந்துச்சு, சொல்லு பாக்கலாம்!"

"என் மாடி" என்று அவர் சொன்னது ஒரு வேகத்தில் வந்தது. வேலை எடுத்துக்கொண்டால் அந்த இடமே தன்னுடையது என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு.

ஆகையால் நெட்டுக் குழாய் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான்தான். அவர் சொன்னார், நான் முடிவு செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சமையல்காரருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. அளவு எடுத்து அனுப்பலாமா என்று கேட்கிறார். நீ ஆரம்பித்த பேச்சு, நீயே சமாளி.

உன் கம்பக்காரரைப் பற்றிப் படித்தேன். வீட்டிலேயே ஒரு கம்பக்காரர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. முட்டிவலிக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பாய். நல்ல மனசு உனக்கு.

ஆனாலும் வேலைக்கு ஆள் வைக்கும்போது நாலு விஷயம் விசாரிக்க வேண்டாமா? டீயைப் பச்சைத் தண்ணீராக ஆறவிட்டுக் குடிப்பவரா? ஏணியில் கால் வைக்கும் முன் செருப்பை ஜோடி சேர்த்து, சுவரைப் பார்க்கிற மாதிரி கழற்றி வைப்பவரா? அடுத்தவர் பேச்சு முடிவதற்குள் "அதில்ல" என்று ஆரம்பிப்பவரா? அப்படியென்றால் தொழிலில் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். அந்த மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும்.

கெட்டிக்காரராக இருக்கட்டும். ஆன்டெனா விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. என் பேச்சில் மாற்றமில்லை. இந்தத் தீவில் நான் பேசுவதும் தாழ்ந்த கம்பியில்தான், காற்றில் துணி காயப்போட்ட மாதிரிதான் இருக்கிறது, ஜம்மென்று வேலை செய்கிறது. இதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டு.

ரேடியோவில் பேச ஒரு முறை இருக்கிறது. பரீட்சைக்குப் படித்திருப்பாய், ஆனால் படிப்பது வேறு, வாயை அடக்குவது வேறு. பொத்தானை அழுத்தினால் நீ பேசலாம், எதிராளி பேசுவது உனக்குக் கேட்காது. விட்டால் கேட்கும், பேச முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, "ஓவர்" என்று சொல்லி, விரலை எடுக்க வேண்டும். அதுவரை எதிராளி பொறுத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. நம் குடும்பத்தில் ஒருத்தருக்கும் வராத பழக்கம் இது. நீயும் அதில் சேர்த்திதான். இப்போதிருந்தே பழகிக்கொள். உன் கம்பக்காரர் பழகினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் கண்ணெரிச்சல் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன், எழுது. சமையல்காரர் அளவை அனுப்பட்டும், ஆனால் களிமண்ணில் எடுத்து அனுப்ப வேண்டாம் என்று சொல்.

கம்பம் எழுந்துவிட்டது! தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. கீழே கான்கிரீட் கட்டை, மூன்று பக்கமும் இழுகம்பி. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார் கம்பக்காரர். இம்மி பிசகில்லை. துரு பிடிக்காமல் இருக்க இரண்டு பூச்சு வேறு. கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்து பார்த்துவிட்டு, "இடி விழுந்தா நம்ம வீட்லதான் விழும்" என்றார். இடிதாங்கிக்கும் கம்பி இறக்கியிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உட்கார்ந்தேன். உன்னைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை வற்றும்வரை கூப்பிட்டேன். கரகரப்புதான். பொழுது சாய்ந்ததும் திடீரென்று ஒரு குரல். உலகத்தின் அந்தக் கோடியில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவராம். பக்கத்து வீட்டில் நின்று பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. அவருடைய ஆடு கத்தியதுகூடக் கேட்டது. அவரோடு பேசினேன், இன்னொரு கண்டத்து ஆசிரியர் ஒருவரோடு பேசினேன், நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல்காரரோடு பேசினேன். ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை.

கம்பக்காரருக்கு ஒரே பெருமை. "பாத்தியா, ஆடு கத்தறது கேக்குது!" என்றார். அப்புறம் கொஞ்சநேரம் கழித்து, "அந்தத் தீவு?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அவர் "ஓவர்" பழகுகிறார். நேற்று இரவு சாப்பிடும்போது "உப்பு கம்மி, ஓவர்" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "அதில்ல" என்று அவரே மறுபடி ஆரம்பித்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் ஏன் இங்கே இருந்தார் என்று நீ கேட்பாய். வேலை முடிய நேரமாகிவிட்டது.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்ணெரிச்சல் இல்லை. நீ நலமா?

ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்திருந்தேன். உன் குரலில் ஒரு சொல்கூட வரவில்லை. உன் ஆட்டுப்பண்ணைக்காரர் இன்னொருவரிடம் உன்னைப் புகழ்ந்து பேசியது எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் வருகிறார், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீ வரவில்லை.

படகுக்காரர் ஜூன் பிறந்ததும் நிறுத்திவிடுவேன் என்கிறார். கம்பத்தை இறக்கச் சொல். இறக்கும்போது உன் கம்பக்காரரை ஏணியில் ஏற விடாதே. அவருக்கு முட்டிவலி உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் எல்லோருக்கும் இருக்கும். வேறு யாராவது சின்ன வயது ஆளை வைத்துக்கொள்.

தம்பி

*

மே 3

தம்பி,

நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். நீ நலமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கம்பத்தை இறக்கவில்லை. இன்னொரு குழாயை எடுத்துவந்து, உயரம் போதவில்லை, அதுதான் கோளாறு என்று அதன் தலையில் மாட்டினார். போன செவ்வாய்க்கிழமை நல்ல காற்று. நான் கடையில் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டிருந்தேன், டீச்சர் ஆள் அனுப்பினார். ஓடிவந்து பார்த்தால் ஏணி தரையில் கிடக்கிறது, அவர் இழுகம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். தொங்கிக்கொண்டே, "ஒண்ணுமில்ல, நீ கடைக்குப் போ" என்கிறார்!

இறக்கிவிட்டோம். உள்ளங்கை கிழிந்திருக்கிறது, வேறு சேதமில்லை. அம்மா போன வீட்டில் ஏணி அப்படிக் கிடந்தது. அதை மறைத்து எழுத என்னால் முடியாது.

கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டேன், பேசாமல் அந்தக் கம்பியைத்தான் கட்டிவிடலாமே என்று.

"அவன் சொன்னான்னு நான் இறக்கணுமா?" என்றார்.

"அவன்" என்றார். எவன் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்குக் கால் கடுக்கிறது. நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். இனிமேல் நீயே எழுது. "கம்பக்காரருக்கு" என்றே எழுது. பிரிக்காமல் கையில் கொடுக்கிறேன்.

அக்கா

*

மே 10

மதிப்பிற்குரிய கம்பக்காரர் அவர்களுக்கு,

தீவிலிருந்து, உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவன் எழுதிக்கொள்வது. வணக்கம். உள்ளங்கைக் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பத்தைப் பற்றி அக்கா எல்லாம் எழுதினார். அதை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஒரு கம்பம் செய்ய வேண்டியதை அது ஒழுங்காகச் செய்கிறது, தூரத்தில் இருப்பவனிடம் போய்ச் சேர்கிறது. ஆனால் நான் தூரத்தில் இல்லை ஐயா. பக்கத்தில்தான் இருக்கிறேன், நடுவில் ஒரு மதில், அவ்வளவுதான். அந்த மதில் மலையாக இருக்கிறது.

எனக்கு ஒரு கம்பக்காரரைத் தெரியும். ஒரு தடவை அவர் ஒரு பள்ளிக்கூடத்து மதிலுக்கு உள்பக்கம் கொடிக்கம்பம் நட்டார். மதிலுக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல், கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுவதற்காகத் தன் மகனை நிறுத்தியிருந்தார். அவர் பலசாலி. கயிற்றை வீசினார். அது மகன் தலைக்கு மேலே போய் ரோட்டில் விழுந்தது. மறுபடி வீசினார், மறுபடியும் ரோடு. இப்படி மூன்று தடவை. சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி நின்று திட்டினார். அப்புறம் இவர் கொஞ்சநேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கயிற்றை நேரே மேலே விட்டெறிந்தார். அது மதிலைத் தாண்டி மகன் கையில் வந்து விழுந்தது. "பக்கத்துல இருக்கறவனுக்கு தூரமா வீசக் கூடாதுடா, உசரப் போடணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்.

தாழ்ந்த கம்பி செய்வது இதைத்தான். அது அலையை நேரே மேலே விட்டெறிகிறது. நான் ரேடியோ படித்தபோது வாத்தியார் இதைப் புரியவைக்கப் பலகை நிறையப் படம் போட்டார். எனக்கு முதல் படத்திலேயே புரிந்துவிட்டது. எப்படி என்று அவர் கேட்டார், நான் சொல்லவில்லை.

கம்பி கட்ட வேண்டிய உயரத்துக்கு ஏணி வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். ஒரு கம்பக்காரரைக் கம்பத்தை இறக்கச் சொல்ல எனக்கு வயதில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
தீவுக்காரன்

*

மே 19

தீவில் இருக்கும் ஐயாவுக்கு,

கம்பக்காரன் எழுதுவது. கை தேவலை. தாங்கள் நலமா? அங்கே படுக்கை ஈரமில்லாமல் இருக்கிறதா? கடற்கரையில் சுவர் ஓதம் காக்கும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது.

கயிறு மூன்று தடவை ரோட்டில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. இரண்டு தடவைதான் என் கணக்கு. மூன்றாவது தடவை அந்தப் பையன் பிடித்திருக்க வேண்டும். பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான். சைக்கிள்காரர் திட்டியது உண்மை.

குழாயை இறக்கிவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக இறக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னதற்காக இறக்கினேன்.

கம்பி கட்டியாகிவிட்டது. நடுவில் தொய்வில்லை. முனைகளை நீங்கள் எழுதிய மாதிரி மடக்கி விட்டிருக்கிறேன். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. வேலை செய்யாவிட்டால் உங்களைச் சும்மா விடமாட்டேன்.

ஒரு சந்தேகம். பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிராளி குறுக்கே பேச முடியாது என்று இந்தப் பெண் சொல்கிறாள். நிஜம்தானா? எவ்வளவு நேரம் ஆனாலும் அப்படித்தானா? பாதியில் நின்ற பேச்சு ஒன்று இருந்தால், அதை முழுசாகச் சொல்லி முடித்துவிடலாமா?

பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கம்பக்காரன்

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சௌக்கியம். கம்பக்காரரும் சௌக்கியம். இரண்டு பேருக்கும் ஒரே தைலத்தைத்தான் தேய்க்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அவர் கடிதத்தை நான் படிக்கவில்லை. எழுதி முடிக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று, அது மட்டும் தெரியும்.

கம்பி கட்டிய மறுநாள் மாடிக்குப் போனால் அதில் டீச்சருடைய போர்வை காய்கிறது! "உங்கப்பா எனக்குக் கொடி கட்டிக் கொடுத்திருக்கார், எவ்வளவு நல்ல மனுஷன்" என்கிறார் டீச்சர். அப்பா பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தார். அவர் கடித்தது நான் செய்த பல், அதனால் உடையவில்லை. அப்புறம் டீச்சருக்கு நிஜமாகவே தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தார். அது ஆன்டெனாவைவிட உயரம்.

வரும் ஜூன் முதல் தேதி ஞாயிறு. நாலு மணி. எல்லாம் சரியாக வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. நீ குளித்து, தலை வாரி உட்கார். முகம் தெரியாதுதான், இருந்தாலும்.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டேன். உங்கள் கையும் முட்டியும் எப்படி இருக்கின்றன? நாளைக் காலை கடைசிப் படகு, அதற்குள் இதை முடித்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கம் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நாலு மணி தாண்டியதும் அக்கா குரல் வந்தது. அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கம்பி அப்படி வேலை செய்கிறது. அவள் பேசினாள், பேசினாள், ஒவ்வொரு தடவையும் "ஓவர்" சொல்லிவிட்டு இன்னொன்றைச் சேர்த்தாள். வெயில் இறங்கியதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. அப்புறம், "இரு, கம்பக்காரர்கிட்ட குடுக்கறேன்" என்றாள்.

அதன் பிறகு பேச்சில்லை. ஆனால் பொத்தான் அழுந்தியிருப்பது தெரிந்தது. உங்கள் மூச்சு கேட்டது. கூடத்துக் கடிகாரம் கேட்டது. கீழே டீச்சர் வாளியை வைத்த சத்தம்கூடக் கேட்டது. நான் ஏதாவது சொன்னாலும் உங்களுக்குக் கேட்காது. காத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து உங்கள் முன்னால் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை.

நீங்கள் சொன்னதை எழுதுகிறேன். சரியாகக் கேட்டிருக்கிறேனா என்று பாருங்கள்.

"அன்னிக்கு வாசல்ல, இப்ப எதுக்கு வந்தன்னு கேட்டேன். நீ முடிக்கவே விடல. கடல் அப்படிக் கொந்தளிச்சுக்கிட்டு இருக்கு, இப்ப எதுக்குடா வந்த, அதுவும் ஒரு மீன்படகுல, உங்கம்மாதான் போயிட்டா, உனக்கும் ஒண்ணு ஆயிருந்தா நான் என்னடா பண்ணுவேன்… இதான் சொல்ல வந்தேன். ஓவர்."

"ஓவர்" சொன்னீர்கள். விரலை எடுக்கவில்லை.

அப்பா, நான் பதில் சொன்னேன். அடக்க முடியாமல் அந்த நிமிஷமே சொன்னேன். சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டால், இன்னும் உங்கள் மூச்சும் கடிகாரமும்தான் கேட்டன. "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறானே" என்று அக்காவிடம் நீங்கள் சொன்னது கேட்டது. உங்கள் குரல் அப்படித் தழைந்து நான் கேட்டதே இல்லை. "விரல எடுங்கப்பா! நீங்க விரல எடுத்தாத்தானே அவன் பேசறது கேக்கும்!" என்று அவள் கத்தியது கேட்டது. ஆக, இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசியிருக்கிறோம்.

நீங்கள் விரலை எடுத்ததும் மறுபடி சொன்னேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "கேக்கல, கேக்கல" என்று அக்கா சொன்னது மட்டும் தேய்ந்து தேய்ந்து வந்து நின்றுபோயிற்று.

அடுத்த ஞாயிறு மறுபடி சொல்வேன். அதற்கடுத்த ஞாயிறும் சொல்வேன். கம்பியை ஓர் அங்குலம்கூட உயர்த்த வேண்டாம். ஆனால் வானம் என்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை படியுங்கள்.

இப்ப எதுக்கு வந்த என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் நான் அந்தப் படகில் ஏறினேன். அக்கா எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்றும் தெரியும். பிறகு அந்த வீட்டில் யாருக்காக அந்தக் கடலைத் தாண்டி வந்திருப்பேன்? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஓவர்.

உங்கள் மகன்